விமானத்தை விட்டு இறங்கியவர்கள் ஏன் மோட்டார்ஹோமில் ஏறுகிறார்கள்?

கேள்வி: டாலஸில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு விமான கேப்டன். 65 வயதானதும் ஓய்வு பெற்றார். கையோடு 40 அடி நீள டீசல் மோட்டார்ஹோம் (உள்ளேயே வீடு உள்ள, பேருந்து மாதிரியான வண்டி) ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்திவிட்டார். "எங்கள் ஆட்களில் நிறையப் பேர் இதைத்தான் செய்கிறார்கள்" என்கிறார். ஏன் அப்படி? விமானம் ஓட்டிய அனுபவம் இதற்கு நிஜமாகவே உதவுமா? கோடை விடுமுறைக்குக் கொலராடோ போகும்போது எங்களையும் குடும்பத்தோடு வரச் சொல்கிறார். நம்பிப் போகலாமா?

பதில்:

போகலாம். ஆனால் அவர் பல வருடம் போயிங் ஓட்டியவர் என்பதை மட்டும் வைத்து இதைச் சொல்லவில்லை. சாலையில் வண்டி ஓட்டுகிற விஷயத்தில் அவருக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. சில இடங்களில் அவர் நம்மைவிடப் புதியவர். கிளம்புவதற்கு முன்னால் செய்கிற வேலைகளிலும், "இன்றைக்குக் கிளம்ப வேண்டாம்" என்று முடிவெடுப்பதிலும்தான் விமானிகள் ஒரு படி மேலே நிற்கிறார்கள். அந்தப் பழக்கத்தைச் சீருடையோடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டாரா என்பதைப் பார்த்துத்தான் நீங்கள் முடிவு செய்ய வேண்டும். நான் சிறு விமானம் ஓட்ட உரிமம் வைத்திருப்பவன். லீவு கிடைத்தால் தங்கும் வசதியுள்ள டிரெய்லரை இழுத்துக்கொண்டு கிளம்புகிறவனும்கூட. இரண்டு கூட்டத்தையும் பக்கத்திலிருந்து பார்த்ததை வைத்துக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஏன் என்பது. அமெரிக்க விமான நிறுவனங்களில் விமானிக்கு வயது வரம்பு உண்டு. 1960-இல் அதை 60 என்று வைத்தார்கள். 2007 டிசம்பரில் வந்த சட்டம் 65 ஆக்கியது. உடம்பு கல்லுப்போல இருந்தாலும் 65 வந்துவிட்டால் அவ்வளவுதான். "இன்னும் இரண்டு வருஷம் இருந்துவிட்டுப் போங்களேன்" என்கிற பேச்செல்லாம் காக்பிட்டில் எடுபடாது. 40 வயதைத் தாண்டிய கேப்டன் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும் என்பதால், இதயத்தில் ஏதோ சிக்கல் என்று 65-க்கு முன்பே தரைக்கு வந்தவர்களும் உண்டு. சொந்தமாகச் சிறு விமானம் வைத்திருப்பவர்களுக்கு வயது வரம்பு இல்லை. 2017 மே மாதத்திலிருந்து பேசிக்மெட் என்ற எளிய வழியும் வந்துவிட்டது; நான்கு வருடத்துக்கு ஒருமுறை சாதாரண மருத்துவர் ஒருவரே பரிசோதித்துக் கையெழுத்துப் போடலாம். ஆனாலும் ஹேங்கர் (விமானம் நிறுத்தும் கொட்டகை) வாடகை, வருடாந்தரப் பரிசோதனை, இன்ஷூரன்ஸ் என்று செலவு நிற்காது. ஒரு கட்டத்தில் விமானத்தை விற்கிறார்கள். கையில் பணம் இருக்கிறது, ஊர் சுற்றிய கால் வீட்டில் நிற்க மறுக்கிறது.

இன்னொரு காரணம் வெளியாட்களுக்குச் சட்டென்று தெரியாது. விமானி ஊர் சுற்றுபவர் என்று நாம் நினைக்கிறோம். அவர் பார்த்ததெல்லாம் விமான நிலையமும், அதற்குப் பக்கத்து ஹோட்டலும், இரண்டுக்கும் நடுவே ஓடும் வேனும்தான். "இடப்பக்க ஜன்னலில் கிராண்ட் கேன்யன் தெரிகிறது" என்று மைக்கில் எத்தனையோ தடவை அறிவித்திருப்பார். அதன் விளிம்பில் ஒருநாளும் நின்றிருக்க மாட்டார். பண்டிகை நாளில் வீட்டில் இருந்ததும் குறைவு. மனைவியோடு, சொந்தப் படுக்கையில் படுத்து, அந்த இடங்களையெல்லாம் மெதுவாகப் பார்க்க வேண்டும் என்று தோன்றுவதில் ஆச்சரியம் என்ன? சிறு விமானக்காரர்களுக்கு வேறொரு எரிச்சல். அழகான ஊருக்குப் பறந்து போய் இறங்குவார்கள். ஊர் அங்கிருந்து ஐந்து மைல் தள்ளி இருக்கும், போக வண்டி இருக்காது. விமான நிலையத்தில் இரவல் கொடுக்கிற பழைய கார் ஒன்று இருந்தால் அதிர்ஷ்டம்.

இது இன்று நேற்று வந்த உறவும் இல்லை. அமெரிக்காவில் வண்டியை வீடாக்கியவர்களில் முக்கியமான சிலர் விமானக்காரர்கள்தான். கிளென் கர்ட்டிஸ் என்பவர் 1908 ஜூலை 4 அன்று ஜூன் பக் என்ற விமானத்தில் ஊரைக் கூட்டிவைத்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் பறந்து காட்டியவர்; அமெரிக்க ஏரோ கிளப் கொடுத்த விமானி உரிமங்களில் முதல் எண் இவருடையது. இவருக்குக் காட்டில் கூடாரம் போட்டு வேட்டையாடுவதில் பிரியம். 1917 வாக்கில் தன் அம்மாவின் மறுமணத்தில் பிறந்த தம்பியோடு சேர்ந்து கட்டில் மடித்து வைக்கிற இழுவை வண்டி ஒன்றைச் செய்தார். 1920-களின் கடைசியில் ஃப்ளோரிடாவில் ஏரோகார் என்ற பெயரில் பெரிய டிரெய்லர்களையே உற்பத்தி செய்தார். விமான உடலைப்போல இலேசான சட்டத்தைக் கம்பிகளால் இழுத்துக் கட்டிய அமைப்பு அது. காரோடு டிரெய்லரை இணைக்கும் இடத்தில் விமான டயர் ஒன்றைப் படுக்கப் போட்டு, அதன் நடுவில் டிரெய்லரின் முளையைச் சொருகினார். குலுக்கலையெல்லாம் டயர் வாங்கிக்கொள்ளும். இன்றைக்கு ஃபிஃப்த் வீல் என்று பிக்கப் டிரக்குக்கு மேல் மாட்டிக்கொண்டு போகிறார்களே, அந்த வகைக்கு இதுதான் முன்னோடி.

அடுத்தவர் ஹாலி பௌலஸ். எஞ்சின் இல்லாமல் மிதந்து பறக்கிற கிளைடர் விமானத்து ஆள். 1927-இல் லிண்ட்பர்க் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்த ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ் விமானம் சான் டியாகோவில் ரயன் நிறுவனத்தில் கட்டப்பட்டபோது, தொழிற்சாலைப் பொறுப்பில் இருந்தவர் இவர். பின்னர் லிண்ட்பர்க்குக்கும் அவர் மனைவி ஆனுக்கும் கிளைடர் கற்றுக்கொடுத்ததும் இவரேதான். 1934-இல் பௌலஸ் ரோட் சீஃப் என்ற டிரெய்லரை வெளியிட்டார். அலுமினியக் கலவைத் தகடு, வரிசை வரிசையாக ரிவெட், மீன் மாதிரி வழுவழுப்பான உருவம். இறக்கை இல்லாத விமானம் என்றே சொல்லிவிடலாம். கதவை மட்டும் முன்பக்கம், காரோடு மாட்டுகிற கொக்கிக்கு மேலே வைத்துவிட்டார். ஏறி இறங்குவது ஒரு வித்தை. கம்பெனி இரண்டு வருடம்கூடச் சரியாக ஓடவில்லை. ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தைத் தொடங்கிய வாலி பையம் என்பவர் அதே வடிவத்தை எடுத்து, கதவைப் பக்கவாட்டுக்கு மாற்றி, 1936-இல் ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர் என்று 1,200 டாலருக்கு விற்றார். கிளிப்பர் என்பது அப்போது பான் ஆம் நிறுவனத்தின் நீர்விமானங்களுக்கு இருந்த பெயர். இன்றும் நெடுஞ்சாலையில் வெள்ளிக் கட்டி மாதிரிப் பளபளத்துக்கொண்டு போகிற ஏர்ஸ்ட்ரீமைப் பார்த்தால், அந்த ரிவெட் வரிசையில் கை வைத்துப் பாருங்கள். பழைய விமானத்தின் வயிற்றைத் தொடுவதுபோல இருக்கும்.

லிண்ட்பர்க்கிடமும் ஒரு டிரெய்லர் இருந்தது. 1942-இல் ஹென்றி ஃபோர்டு கொடுத்தது. இப்போது மிஷிகனில் ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டிரெய்லரில் உட்கார்ந்த விமானிகளில் மிகப் பிரபலமானவர்கள் யார் என்று கேட்டால் நான் ஆர்ம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் என்பேன். மூவரும் ராணுவ விமானிகளாக இருந்தவர்கள். 1969 ஜூலை 24 அன்று நிலவிலிருந்து திரும்பிக் கடலில் விழுந்ததும் ஹார்னெட் கப்பலில் அவர்களை அடைத்து வைத்தது சக்கரம் இல்லாத ஒரு 35 அடி ஏர்ஸ்ட்ரீமில்தான். நிலவுக் கிருமி எதுவும் வெளியே வந்துவிடக் கூடாதாம். ஜனாதிபதி நிக்சன் வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பேச வேண்டியிருந்தது. அந்தப் பெட்டியையே கப்பலிலிருந்து இறக்கி, விமானத்தில் ஏற்றி ஹூஸ்டன் கொண்டுபோனார்கள்.

சரி, உங்கள் கேப்டனிடம் வருவோம்.

வண்டிக்குள் இருக்கும் அமைப்புகள் அவருக்கு ஒரு வாரத்தில் பிடிபட்டிருக்கும். பேட்டரியிலிருந்து 12 வோல்ட், முகாமில் கம்பத்தில் மாட்டினால் 50 ஆம்பியர் மின்சாரம், எதுவும் இல்லாத காட்டில் ஜெனரேட்டர். விமானம் கேட்டில் நிற்கும்போது தரை மின்சாரம், இல்லாவிட்டால் வாலில் இருக்கிற சிறு எஞ்சின் என்று அவர் வாழ்நாள் முழுக்கச் செய்தது இதுதான். ஏதாவது ஒன்று எப்போதும் பழுதாக இருப்பதும் அவருக்குப் பழக்கம். விமானத்தில் எந்தெந்தப் பொருள் வேலை செய்யாவிட்டாலும் பறக்கலாம், எது இல்லாமல் கிளம்பவே கூடாது என்று ஒரு பட்டியல் இருக்கும். மோட்டார்ஹோமில் படிக்கட்டு விளக்கு எரியாததற்குப் பதறுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், பிரேக் விளக்கு எரியாமலே கிளம்புகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். எதற்கு நிற்க வேண்டும், எதற்கு வேண்டாம் என்று விமானிகள் தெளிவாகப் பிரித்துப் பார்ப்பார்கள்.

செக்லிஸ்ட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1935 அக்டோபர் 30 அன்று ஒஹையோவில் ரைட் ஃபீல்டில் போயிங்கின் புதிய நான்கு எஞ்சின் விமானம் மாடல் 299 மேலே ஏறியதும் விழுந்து எரிந்தது. ஓட்டியவர் ராணுவத்தின் தேர்ந்த சோதனை விமானி. விமானம் தரையில் நிற்கும்போது காற்றில் வால் பகுதி அசையாமல் இருக்கப் போட்டிருந்த பூட்டை எடுக்க மறந்திருந்தார்கள். எவ்வளவு கெட்டிக்காரருக்கும் மறக்கும் என்று ஒத்துக்கொண்டு, ராணுவம் எழுதி வைத்துப் படிக்கிற வழக்கத்தைக் கொண்டுவந்தது அதற்குப் பிறகுதான். மோட்டார்ஹோமிலும் மறதி இதே மாதிரிதான். டிவி ஆன்டெனாவை இறக்காமல், படிக்கட்டை உள்ளே இழுக்காமல், மின்கம்பியைப் பிடுங்காமல் கிளம்பிக் கம்பத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போனவர்கள் எல்லா முகாமிலும் உண்டு. கிளம்புகிற அன்று காலை உங்கள் கேப்டனைக் கவனியுங்கள். கையில் தாளோ ஃபோனோ வைத்துக்கொண்டு வண்டியை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றி, குனிந்து அடியில் பார்த்து, ஒவ்வொரு டயரையும் தொட்டுப் பார்த்தால் நிம்மதியாக ஏறுங்கள். "எல்லாம் மனசிலேயே இருக்கு" என்று தலையைத் தட்டிக் காட்டினால் கொஞ்சம் யோசியுங்கள்.

டயர் என்றதும் ஒன்று. மோட்டார்ஹோம் டயர் தேய்ந்து கெடுவதைவிட வயதாகிக் கெடுவதுதான் அதிகம். வருடத்தில் பாதி நாள் சும்மா நிற்கிற வண்டி அல்லவா. டயரின் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 3519 என்றால் 2019-ஆம் வருடத்தின் 35-ஆவது வாரம் செய்தது. பட்டன் ஆழமாக இருந்தாலும் ஏழெட்டு வருடப் பழசு என்றால் மாற்றச் சொல்லுங்கள். முன் டயர் 60 மைல் வேகத்தில் வெடித்தால் ஸ்டியரிங் கையை விட்டுப் போகும்.

எடைதான் விமானிகள் உண்மையிலேயே ஜொலிக்கிற இடம். சாதாரண ஆள் மோட்டார்ஹோமை வீடாக நினைக்கிறார். அலமாரி காலியாக இருந்தால் எதையாவது அடைக்கிறார். விமானிக்கு அது எடைக்கணக்கு உள்ள ஒரு இயந்திரம். தண்ணீர் ஒரு கேலன் சுமார் 8.3 பவுண்டு. 100 கேலன் தொட்டியை நிரப்பினால் 830 பவுண்டுக்கு மேல், அதாவது 380 கிலோ. நீங்கள் நாலு பேர் பெட்டி படுக்கையோடு ஏறினால் இன்னொரு 300 கிலோ. வண்டி மொத்தம் எவ்வளவு தாங்கும், ஒவ்வொரு அச்சும் எவ்வளவு தாங்கும் என்று ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். நெடுஞ்சாலை டிரக் நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் என்று எடைமேடை இருக்கிறது. முன் அச்சு ஒரு தட்டிலும் பின் அச்சு அடுத்ததிலும் நிற்கும். சில நிமிடத்தில் தனித்தனி எடையோடு ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். டயருக்கு எவ்வளவு காற்று என்பதை அந்தச் சீட்டை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற சரக்கு விமானி ஒருவர் இந்தச் சீட்டுகளைத் துணி அலமாரிக் கதவின் உட்புறம் வரிசையாக ஒட்டி வைத்திருக்கிறார். மனைவி புதுசாக ஒரு இரும்பு வாணலி வாங்கினால்கூட, "எதை இறக்கப் போறோம்?" என்பார். கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அவர் வண்டியில் நான் கண்ணை மூடிக்கொண்டு ஏறுவேன்.

டிரெய்லர் இழுக்கிறவர்களுக்கு எடை எவ்வளவு என்பதைவிட எங்கே இருக்கிறது என்பது முக்கியம். டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவிகிதம் முன்பக்கக் கொக்கியில் உட்கார வேண்டும். கனமான சாமானைப் பின்னால் ஏற்றினால் அது குறையும், பெரிய லாரி ஒன்று உரசிக்கொண்டு போனாலே வால் ஆடத் தொடங்கும். விமானத்தில் எடை பின்னால் போனால் மூக்கு நிலையில்லாமல் தவிக்கும் என்பது பயிற்சியின் ஆரம்பப் பாடம். எனவே விமானிக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இனி உதவாத பகுதி. விமானி ஒருநாளும் ரிவர்ஸ் எடுத்ததில்லை! பயணிகள் விமானத்தைக் கேட்டிலிருந்து பின்னுக்குத் தள்ள ஒரு இழுவை வண்டி வரும். கேப்டன் பிரேக்கை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். வாழ்க்கையில் முதல்முறையாக 40 அடி வண்டியை, இரண்டு மரத்துக்கு நடுவே, அக்கம்பக்கத்தார் நாற்காலி போட்டு வேடிக்கை பார்க்க, பின்னால் தள்ளி நிறுத்த வேண்டும். பின்னால் நின்று கை காட்டுகிறவர் மனைவி. தரை ஊழியர் இரண்டு குச்சியை வைத்துக் காட்டுகிற சைகை அவருக்கு அத்துபடி, அந்த அம்மாவுக்குத் தெரியாது. அவர் "வாங்க வாங்க" என்று ஆட்டுகிற கை, இவருக்குப் "போதும்" மாதிரித் தெரியும். முகாம்களில் நடக்கிற சண்டையில் பாதி இந்த நேரத்தில்தான். விவரமானவர்கள் கிளம்புவதற்கு முன்பே நாலு சைகையைப் பேசி வைத்துக்கொள்கிறார்கள். கண்ணாடியில் மனைவி தெரியவில்லை என்றால் அந்த நொடியே நிறுத்துகிறார்கள். சைகை காட்டுபவர் மறைந்தால் நில் என்பது விமான நிலையத்து விதியும்கூட.

முன்பக்கம் ஓட்டுவதில் மட்டும் ஒரு வசதி உண்டு. பெரிய ஜெட்டில் மூக்குச் சக்கரம் விமானிக்குப் பல அடி பின்னால் இருக்கும். திருப்பத்தில் தான் முனையைத் தாண்டிப் போன பிறகுதான் திருப்புவார்கள். பேருந்து முகப்பு கொண்ட மோட்டார்ஹோமிலும் ஓட்டுநர் முன் அச்சுக்கு முன்னால் உட்காருகிறார். புதிதாக ஓட்டுகிற நாம் சீக்கிரமே திருப்பிப் பின் சக்கரத்தை நடைபாதையில் ஏற்றுவோம். அவர் பொறுமையாக நடுச்சாலை வரை போய்த் திருப்புவார்.

மனைவி விஷயத்தைப் பாதியில் விட்டேன். 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரிஃப் தீவு ஓடுதளத்தில் இரண்டு 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். மூத்த கேப்டன் அனுமதி கிடைக்கும் முன்பே ஓட்டத்தைத் தொடங்கிவிட்டார். பின்னால் இருந்த எஞ்சினியருக்குச் சந்தேகம் வந்தும் அழுத்திச் சொல்ல முடியவில்லை. அந்தக் காலத்து இப்படிப்பட்ட விபத்துகளுக்குப் பிறகு, 1979-இல் நாசா நடத்திய பட்டறையில் தொடங்கி, கேப்டன் சொல்வதே வேதம் என்கிற பழக்கத்தை விமான நிறுவனங்கள் படிப்படியாக உடைத்தன. உங்கள் கேப்டன் அந்தப் பயிற்சியை வருடா வருடம் எடுத்திருப்பார். ஆனால் காக்பிட்டில் இளைய விமானி சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்கிற மனிதர், வீட்டம்மா "இந்தப் பாலம் தாழ்வா இருக்குங்க" என்றால் கேட்பாரா? இதை ஒரு மாலை அவர்கள் வீட்டில் காபி குடிக்கும்போதே கண்டுபிடித்துவிடலாம். பாலம் என்பது சும்மா சொல்லவில்லை. கூரையில் ஏசியோடு இந்த வண்டிகள் 12, 13 அடி உயரம் வரும். வட கரோலினாவின் டர்ஹாமில் 11 அடி 8 அங்குல ரயில் பாலம் ஒன்று வாகனக் கூரைகளை உரித்து உரித்தே பிரபலமாகி, கடைசியில் 2019-இல் அதை எட்டு அங்குலம் தூக்கினார்கள். பால்டிமோர் துறைமுகச் சுரங்கச் சாலையில் பெரிய சமையல் எரிவாயு உருளையோடு நுழையவே கூடாது. சாதாரண கார் வழிகாட்டிச் செயலிக்கு இதெல்லாம் தெரியாது.

இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படுகிற விஷயம். விமான நிறுவனத்தில் கேப்டன் தனி ஆள் இல்லை. கிளம்பலாமா என்பதில் தரையிலிருந்து பயணத்தைத் திட்டமிட்டுக் கண்காணிக்கும் டிஸ்பேட்சர் சட்டப்படி பாதிப் பொறுப்பு. தூங்காமல் ஓட்டக் கூடாது என்று விதி தடுக்கும். பழுதை மெக்கானிக் பார்ப்பார். 12,500 பவுண்டுக்கு மேல் எடையுள்ள ஒவ்வொரு வகை விமானத்துக்கும் தனித் தேர்வு. இங்கே? அதைவிட இரண்டு மூன்று மடங்கு எடையுள்ள மோட்டார்ஹோமைப் பல மாநிலங்களில் சாதாரணக் கார் உரிமத்தோடு ஓட்டிப் போகலாம். உங்கள் டெக்சாஸ் கொஞ்சம் கண்டிப்பு. 26,000 பவுண்டைத் தாண்டினால் பி வகை உரிமம் கேட்பார்கள். அவரிடம் இருக்கிறதா என்று கேட்பதில் தப்பில்லை. அதற்கு மேல் அவரை நிறுத்த ஆளே கிடையாது. 'வேண்டாம்' என்று சொல்ல வேண்டியவரும் அவர்தான், போக ஆசைப்படுகிறவரும் அவர்தான்.

உங்கள் வழியிலேயே இதற்குச் சோதனை இருக்கிறது. டாலஸிலிருந்து 287-ஆம் நெடுஞ்சாலையில் அமரில்லோ, அங்கிருந்து ராட்டன் கணவாய், பிறகு 25-ஆம் நெடுஞ்சாலை என்றுதான் போவீர்கள். அமரில்லோ பக்கம் தட்டை நிலம், காற்றுக்குத் தடுப்பே இல்லை. 40 அடி நீளம், 12 அடி உயரச் சுவரைப் பக்கக் காற்றில் 50 நாட் வீச்சு அடித்தால், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல், வண்டி ஒரு தடம் நகர்ந்துவிடும். வயோமிங்கில் 80-ஆம் நெடுஞ்சாலையில் லாரமிக்கும் ராலின்ஸுக்கும் நடுவே இதே காரணத்துக்காக இலேசான உயர வண்டிகளுக்குச் சாலையையே மூடுவார்கள். நல்ல விமானி காலையில் வழியிலிருக்கும் விமான நிலையங்களின் காற்று அறிக்கையைப் பார்ப்பார்; சாலை எந்தத் திசையில் போகிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று ஓடுதளத்துக்குப் போடுகிற கணக்கையே போடுவார். சரிப்படவில்லை என்றால் இன்னொரு காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். "டென்வரில் முன்பதிவு இருக்கே" என்று அவரைக் கிளப்பிவிடாதீர்கள், அது போதும்.

கொலராடோவில் 70-ஆம் நெடுஞ்சாலையில் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேலே இருக்கிறது. காற்று மெலிவதால் சாதாரணப் பெட்ரோல் எஞ்சின் அங்கே மூன்றில் ஒரு பங்கு பலத்தை இழக்கும். டர்போ டீசல் என்பதால் உங்களுக்கு ஏறுவது கஷ்டமில்லை. இறங்குவதில்தான் கவனம் வேண்டும். மேற்கே சில்வர்தார்ன் பக்கம் 7 சதவிகிதச் சரிவு நீளமாகப் போகும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகும். உச்சியிலேயே கியரைக் குறைத்து எஞ்சின் பிரேக்கில் விட்டு இறங்க வேண்டும். தரையிறங்கும் வேகத்தை முன்கூட்டியே அமைத்துக்கொள்கிறவருக்கு இதைச் சொன்னால் போதும், பழக்கிவிட வேண்டியதில்லை. பெட்ரோல் பங்கின் நுழைவாயிலைத் தவறவிட்டாலும் சடாரென்று ஒடிக்காமல், அடுத்த வெளியேறும் வழி வரை போய்த் திரும்பி வருவார்கள். இறங்கும்போது சரியாக அமையாவிட்டால் மறுபடி மேலே ஏறிச் சுற்றி வருகிற பழக்கம் அது.

அவசரம் மட்டும் சிலரை விடாது. மணிக்கு 500 மைலில் போன மனதுக்கு 60 மைல் நகர்வதாகவே தெரியாது. ஒரே நாளில் 700 மைல் ஓட்டுவார்கள். மோட்டார்ஹோம்காரர்களிடம் மூன்று-மூன்று-மூன்று என்று ஒரு வழக்கு உண்டு: நாளுக்கு 300 மைலுக்கு மேல் வேண்டாம், மாலை 3 மணிக்குள் போய்ச் சேர், ஒரு இடத்தில் மூன்று நாளாவது இரு. டென்வர் சுமார் 800 மைல். "மூன்று நாளில் போறோம்" என்றால் சரியான ஆள். "மறுநாள் மதியம் அங்கே இருப்போம்" என்றால் நீங்கள் விமானத்தில் போய் அவரை அங்கே சந்திப்பது நல்லது.

இவர்களைக் கூட்டமாகப் பார்க்க ஆசை என்றால் ஜூலைக் கடைசியில் விஸ்கான்சினில் ஆஷ்காஷ் போய் வாருங்கள். 1970 முதல் அங்கே நடக்கிற விமானத் திருவிழாவில் ஓடுதளத்து ஓரம் விமான இறக்கைக்குக் கீழே கூடாரம் போட்டவர்கள் ஒரு பக்கம், கேம்ப் ஷோலர் என்ற மைதானம் கொள்ளாமல் மோட்டார்ஹோம்களும் டிரெய்லர்களும் இன்னொரு பக்கம். முதல் பக்கத்தில் பல வருடம் தூங்கி, முதுகுவலி வந்ததும் இரண்டாவது பக்கத்துக்கு மாறியவர்களோடு பேசிப் பாருங்கள். சாயங்காலம் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேலே போகிற ஒவ்வொரு விமானத்தின் சத்தத்தை வைத்தே எஞ்சின் எது என்று பந்தயம் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஏறுவதற்கு முன் கடைசியாக ஒன்று கேளுங்கள்: பெல்ட் உள்ள இருக்கைகள் எத்தனை? இந்த வண்டிகளில் ஆறு பேர் படுக்கலாம் என்று எழுதியிருப்பார்கள். பெல்ட்டோடு முன்னோக்கி உட்கார நாலு பேருக்குத்தான் இடம் இருக்கலாம். குழந்தை இருக்கையைப் பக்கவாட்டு சோஃபாவில் மாட்டக் கூடாது. ஓடும்போது எழுந்து ஃப்ரிட்ஜைத் திறப்பது, படுக்கையில் படுப்பது எதுவும் வேண்டாம். இருக்கை போதவில்லை என்றால் உங்கள் காரில் பின்னாலேயே போங்கள், பெரிய வண்டியைக் கொண்டுபோக முடியாத மலைப்பாதைகளுக்கு அந்தக் காரே உதவும்.

அப்புறம், முகாமை விட்டுக் கிளம்பும் காலையில் கழிவுத் தொட்டியைக் காலி செய்ய வேண்டியிருக்கும். விமானத்தில் அதை வேறு யாரோ செய்துவிட்டுப் போவார்கள் என்பதால், இந்த ஒரு வேலையில் மட்டும் கேப்டன்கள் நைசாக நழுவப் பார்ப்பார்கள். கறுப்புத் தொட்டியை, அதாவது கழிப்பறைக் கழிவுத் தொட்டியை, முதலில் திறக்க வேண்டும், குளியல் தண்ணீர்த் தொட்டியைப் பிறகு. அந்தத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். கையுறை கொண்டுபோங்கள்.